ஆபீசுக் கம்ப்யூட்டரும் அடிமைப் பழக்கமும்

"விண்டோஸை விட்டால் ஆபீசு வேலையே நடக்காது" என்று சொல்லுகிறவர்கள் இன்றும் பலர் இருக்கின்றார்கள். இவர்களைப் பார்த்து, "வேறொன்றை ஒருநாளாவது தொட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டால் அநேகர் வாய் திறக்கமாட்டார்கள். கடைக்காரன் போட்டுக் கொடுத்தான், பக்கத்து ஆபீசிலும் அதுவே இருக்கிறது, ஆகவே நமக்கும் அதுவே என்பதைத் தவிர வேறு காரணம் காண்பது அரிது.

உண்மை என்ன? கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், கூட்டத்தில் படம் காட்டவும் வேண்டிய மென்பொருள்கள் லினக்சிலும் தாராளமாய் இருக்கின்றன. ஜெர்மன் கம்பெனியொன்று செய்த ஸ்டார் ஆபீஸை 1999-ல் சன் கம்பெனி வாங்கி, 2000-ல் அதன் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதுவே ஓப்பன் ஆபீஸ். அதிலிருந்து 2010-ல் பிரிந்து வளர்ந்தது லிப்ரே ஆபீஸ். இது விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், விலையுமில்லை.

அப்படியானால் மக்கள் ஏன் மாறவில்லை? பூட்டு இருப்பது கம்ப்யூட்டரில் அல்ல. கோப்பு எந்த வடிவத்தில் சேமிக்கப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது. தமிழர்களுக்கு இது புதிதல்ல. யூனிகோட் பரவுவதற்கு முன் எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு முறையில் தமிழை அடைத்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்தால் தமிழ் மறைந்து பொருளற்ற குறிகள் நின்றன. எழுதியவர் நாம், படிக்க உத்தரவு கொடுப்பவர் இன்னொருவர் என்றால், அந்த எழுத்து யாருடைய சொத்து?

இதற்குப் பரிகாரமாகவே ஓ.டி.எப். என்னும் பொது வடிவம் ஏற்பட்டு, 2006-ல் சர்வதேசத் தரமாகவும் அங்கீகரிக்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கும் மென்பொருளைச் செய்யலாம்.

நிற்க, எதிர்க்கட்சிக்காரர் சொல்லுவதிலும் நியாயமுண்டு. மைக்ரோசாப்ட் ஆபீசில் செய்த கோப்பை லிப்ரே ஆபீசில் திறந்தால் சில சமயம் வரி நகரும், கட்டம் கலையும். கணக்குத் தாளுக்குள் எழுதி வைத்த மாக்ரோக்கள் ஓடாமற் போவதுமுண்டு. லினக்சுக்கென்று மைக்ரோசாப்ட் தன் ஆபீஸைச் செய்து தரவில்லை. பிரௌசர் வழியாய்த்தான் அதைப் பயன்படுத்தலாம். இவற்றை மறைத்துப் பேசுவது யோக்கியமாகாது.

ஜெர்மனியில் மியூனிக் நகரசபை 2003-ல் லினக்சுக்கு மாறத் தீர்மானித்து, பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களை மாற்றி, 2013-ல் வேலையை முடித்தது. 2017-லோ விண்டோசுக்கே திரும்புவதென்று தீர்மானம் போட்டது. வெளியிலிருந்து வரும் கோப்புகள் சரியாய்த் திறப்பதில்லை என்பது அங்கே எழுந்த புகார்களில் ஒன்று. இதை வைத்து "பார்த்தீர்களா, முடியாது!" என்கிறார்கள். முடியாதென்பதா இதன் பொருள்? ஊர் முழுவதும் ஒரு பூட்டில் சிக்கியிருக்கையில் ஒரு வீடு மாத்திரம் சாவியை மாற்றினால் போதாது என்பதல்லவா பொருள்?

அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாகாணம் 2024-ல் வேறு வழியை எடுத்துக்கொண்டது. சுமார் 30,000 கம்ப்யூட்டர்களில் முதலில் லிப்ரே ஆபீஸையும் ஓ.டி.எப். வடிவத்தையும் புகுத்துவது, லினக்ஸ் பிறகு என்பது அதன் திட்டம். இதுவே அறிவுடைமை. கோப்பு விடுதலையானால், எந்தக் கம்ப்யூட்டர் என்பது அற்ப விஷயமாகிவிடும்.

தோழர்களே! பொது ஆபீசு ஒன்று தன் படிவத்தை ஒரு கம்பெனியின் மென்பொருளில்தான் சரியாய் நிரப்ப முடியும் என்று வைத்தால், பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஏழை மாணவனும் அந்தக் கம்பெனிக்குக் கப்பம் கட்டியாக வேண்டும். அவன் வரிப்பணத்தில் நடக்கும் ஆபீசு அவனிடம் இப்படிக் கேட்கலாமா? ஆகவே இன்றைக்கே எல்லாவற்றையும் தூக்கி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. விண்டோஸிலேயே லிப்ரே ஆபீஸைப் போட்டு ஒரு மாதம் வேலை செய்து பாருங்கள். முடிகிறதென்றால் உங்கள் கோப்புகளைப் பொது வடிவத்தில் வையுங்கள். முடியவில்லையென்றால் எதனால் என்று சொல்லுங்கள். பாராமலே "முடியாது" என்று மாத்திரம் சொல்லாதீர்கள்.