இயந்திரம் சூறாவளி அல்ல



செயற்கை நுண்ணறிவு பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். கேட்டதற்குப் பதில் சொல்கிறது, கடிதம் எழுதுகிறது, கணக்குப் பார்க்கிறது, படம் கீறுகிறது. நம் கிளைக் கூட்டத்திலும் பேச்சு வந்தது. “அது கொழும்புக் கந்தோரில் இருப்பவர்களின் தலையிடி, தென்னை மரத்தடியில் நிற்கிற நமக்கென்ன?” என்றார்கள் சிலர். “அது அலை மாதிரி, வந்தே தீரும், நம்மால் என்ன செய்ய முடியும்?” என்றார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சும் முதலாளிக்குத்தான் வசதி. முதலாவது நம்மைத் தூங்க வைக்கிறது. இரண்டாவது நம் கையைக் கட்டுகிறது.

அலையும் காற்றும் என்னவென்று இந்த வாவிக்கரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளி மட்டக்களப்பின் தென்னந்தோட்டங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தது. அவை யாரிடமும் கேட்டு வரவில்லை. அவற்றோடு பேரம் பேசவும் வழியில்லை. ஆனால் ஒரு இயந்திரம் தோட்டத்துக்குள் வருமுன் ஒருவர் அதன் விலையை விசாரிக்கிறார். எத்தனை பேரை நிறுத்தலாம் என்று ஒருவர் கணக்குப் போடுகிறார். ஒருவர் காசோலையில் கையெழுத்து வைக்கிறார். மனிதர் கையெழுத்து வைத்துக் கொண்டுவருகிற எதைப் பற்றியும் மனிதர் பேசித் தீர்க்கலாம். அதை அலை என்று சொல்வது அந்தக் கையெழுத்தை மறைப்பதற்குத்தான்.

வெட்டு மெசின் தந்த பாடம்

படுவான்கரை வயல்களைப் பாருங்கள். தோட்ட வேலை குறைந்த நாட்களில் பெரும்போக வெட்டுக்குப் போன குடும்பங்கள் நம்மில் பல. ஆணும் பெண்ணும் தாக்கத்தியோடு வரிசையாக இறங்கி, வெட்டி, கட்டி, களவெட்டிக்குச் சுமந்து சூடு வைத்த காலம் அது. யுத்தம் முடிந்தபின் வெட்டு மெசின் பரவியது. பல பேர் பல நாள் செய்த வேலை சில மணித்தியாலத்தில் முடிகிறது. விவசாயிக்கு அது நன்மைதான். மழைக்கு முன் நெல் வீடு சேர்கிறது. நாள் முழுக்கக் குனிந்து வெட்டிய இடுப்பின் வலி தெரிந்த எவரும் தாக்கத்தியைத் திரும்பக் கொண்டுவா என்று கேட்கமாட்டார். நானும் கேட்கவில்லை.

நான் கேட்பது, அந்த வெட்டுக்கூலி எங்கே போனது என்பதை. மெசின் சொந்தக்காரருக்கும் டீசலுக்கும் லீசிங் கம்பனிக்கும் போனது. வெட்டுக்குப் பின்னால் கதிர் பொறுக்கி உலை வைத்த பெண்ணிடம் யார் ஒரு வார்த்தை கேட்டார்கள்? வெட்டுக்காரருக்குச் சங்கம் இருக்கவில்லை. அதனால் யாரும் கேட்க வேண்டிய கட்டாயமும் இருக்கவில்லை. மெசின் அவர்கள் கூலியை எடுத்தது ஒரு நட்டம். அதற்கு ஈடாக எதையும் வாங்க முடியாமல் போனது அதைவிடப் பெரிய நட்டம்.

தீர்ப்புச் சொல்கிற மெசின்

இப்போது வருவது வேறு வகை. வெட்டு மெசின் கையின் வேலையை எடுத்தது. இது கங்காணியின் கண்ணையும் கணக்குப்பிள்ளையின் பேனாவையும் எடுக்கிறது. யார் வந்தார், எவ்வளவு நிறுத்தார், யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர், நாளைக்கு யாரைக் கூப்பிடத் தேவையில்லை என்பதையெல்லாம் அது சொல்லும். விரலடையாளக் கருவியும் டிஜிட்டல் தராசும் மலையகத் தோட்டங்களுக்குள் ஏற்கனவே வந்துவிட்டன. அவை சேர்க்கிற கணக்கை வைத்து முடிவெடுக்கிற மென்பொருள் அடுத்த படி.

அப்படிப்பட்ட தீர்ப்பின் ருசியை நாடு 2023இல் கண்டது. அஸ்வெசும உதவி யாருக்கு என்பதை 22 அளவுகோல்களை வைத்துத் தீர்மானித்தார்கள். அது செயற்கை நுண்ணறிவு கூட இல்லை, வெறும் புள்ளிக்கணக்கு. பட்டியல் வெளியானதும் இலட்சக்கணக்கான குடும்பங்கள் மேன்முறையீடு செய்தன. மனிதர் ஒருவர் முடிவெடுத்தால் அவர் முகத்துக்கு நேரே நின்று நியாயம் கேட்கலாம். புள்ளியிடம் எப்படிக் கேட்பது? அன்று சனங்கள் தெருவுக்கு வந்தார்கள், மேன்முறையீட்டுக்கான காலமும் நீட்டப்பட்டது.

இந்த இயந்திரம் மனிதனை மிஞ்சி உலகத்தையே அழித்துவிடுமோ என்று அதைக் கட்டியவர்களே கவலைப்படுகிறார்கள். 2024இல் நோபல் பரிசு பெற்ற ஜெஃப்ரி ஹின்டன் அவர்களில் ஒருவர். அந்தக் கவலையை நான் கேலி செய்யவில்லை. ஆனால் நம் அரைப்பேரை அது தீர்மானிக்கத் தொடங்குவதற்கு அவ்வளவு அறிவு தேவையில்லை.

யாருக்கு வேகம்?

எல்லாம் வேகமாக மாறுகிறது என்கிறார்கள். கொழும்புத் தேயிலை ஏலம் 1883 முதல் ஆட்கள் கூடிக் குரல் கொடுத்து நடந்தது. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்ததும், சில வாரங்களில், ஏப்ரல் மாதமே அது இணையத்துக்கு மாறியது. 1,000 ரூபாய் நாட்சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை 2015இல் எழுந்தது. அது வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சில வாரம், கொழுந்து பறித்தவருக்கு ஆறு வருடம். வேகம் என்பது யாருக்கு எது தேவை என்பதைப் பொறுத்தது.

கென்யாவின் இரண்டு செய்திகள்

தேயிலையில் வாழும் இன்னொரு நாடு கென்யா. அங்கே கெரிச்சோ பகுதியில் கொழுந்து பறிக்கும் இயந்திரங்களால் பத்து வருடத்தில் 30,000 பேர் வேலை இழந்ததாக அந்தப் பகுதி அரசு அமைத்த குழு மதிப்பிட்டது. 2023 மே மாதம் ஆத்திரம் வெடித்து இயந்திரங்கள் எரிக்கப்பட்டன. மோதலில் ஓர் உயிர் போனது. எரித்தவர்களின் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் எரிந்த மெசினுக்குப் பதிலாகக் கம்பனி இன்னொன்றை வாங்கலாம். போன உயிரை யாரும் வாங்க முடியாது.

மற்றச் செய்தி, “பிள்ளைக்குக் கம்பியூட்டர் படிப்பித்தால் போதும்” என்பவர்களுக்கு. சாட்ஜிபிடி என்ற மென்பொருளுக்கு நல்லது கெட்டது பிரித்துக் காட்டியவர்களில் நைரோபி இளைஞர்களும் இருந்தார்கள். கொடூரமான எழுத்துகளை நாள் முழுக்க வாசித்து அடையாளமிடுவது அவர்கள் வேலை. கூலி மணித்தியாலத்துக்கு இரண்டு டொலருக்கும் குறைவு என்று 2023 ஜனவரியில் டைம் சஞ்சிகை அம்பலப்படுத்தியது. அவர்கள் படித்தவர்கள், கம்பியூட்டர் தெரிந்தவர்கள். பிள்ளைகளைப் படிப்பிப்பது என் தொழில். படியுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் சங்கம் இல்லாத படிப்பு, குளிரூட்டிய அறைக்குள் இன்னொரு கொழுந்துக் கூடைதான். அந்த இளைஞர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். 2023 மே தினத்தன்று, இணையப் பதிவுகளையும் செயற்கை நுண்ணறிவுக்கான எழுத்துகளையும் தரம்பிரிக்கும் 150க்கு மேற்பட்டோர் நைரோபியில் கூடித் தங்களுக்கொரு சங்கம் அமைக்கத் தீர்மானித்தார்கள்.

நம் கையில் இருப்பது

சங்கம் முன்னேற்றத்துக்கு எதிரி என்பார்கள். இல்லை. டிஜிட்டல் தராசு காட்டும் எடையைத் தொழிலாளியின் தொலைபேசிக்கும் அனுப்புங்கள், கழிவு எவ்வளவு வெட்டினீர்கள் என்பதையும் சேர்த்து. அந்தத் தொழில்நுட்பத்தை நாமே மாலை போட்டு வரவேற்போம். நாம் எதிர்ப்பது ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற தராசை.

நம்மைக் காக்க ஏற்கனவே ஒரு சட்டம் இருக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். மெசின் வந்துவிட்டது என்பது அந்த அனுமதி ஆகாது. ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு, முந்திய 12 மாதத்தில் நீங்கள் 180 நாள் வேலை செய்திருக்க வேண்டும். அந்த 180 நாளை எண்ணுவது யார்? தோட்டத்தின் கருவி மட்டும் எண்ணினால், 179 என்று அது காட்டும் நாளில் உங்களிடம் என்ன சாட்சி இருக்கும்?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

1. எந்தப் புதிய இயந்திரமோ மென்பொருளோ வருமுன் சங்கத்துக்கு எழுத்தில் அறிவித்துப் பேச வேண்டும்.

2. பேர் வெட்டும், சம்பளம் குறைக்கும், ஆள் நிறுத்தும் முடிவை மனிதர் ஒருவர் எடுத்து, காரணத்தைத் தமிழில் எழுதித் தர வேண்டும். “மெசின் அப்படிக் காட்டுது” என்பது காரணம் அல்ல.

3. நம்மைப் பற்றிச் சேர்க்கும் கணக்கு முழுவதையும் நாமும் பார்க்க வேண்டும்.

4. மெசினால் மிச்சமாகும் பணத்தில் சம்பளத்துக்கும் பங்கு வேண்டும். அதை இயக்கும் பயிற்சி தோட்டத்துப் பெண்களுக்கும் இளைஞருக்கும் முதலில் வேண்டும்.

பேச்சுவார்த்தை நடக்கும்வரை கைகட்டி இருக்கத் தேவையில்லை. இன்றைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். வேலைக்குப் போன நாள், செய்த வேலை, எடை அல்லது காய் எண்ணிக்கை, கிடைத்த சம்பளம் எல்லாவற்றையும் தினமும் எழுதுங்கள். எழுத வராதவருக்கு வீட்டுப் பிள்ளை எழுதட்டும். பிள்ளைகளிடம் நான் வகுப்பில் சொல்லிவிட்டேன். விளங்காத எந்தத் தாளிலும் கையெழுத்தோ பெருவிரலோ வைக்காமல் கிளைக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது கொப்பியோடு வாருங்கள். தோட்டத்தின் கணக்கையும் நம் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

— தோட்டப் பாடசாலை ஆசிரியர், கிளை அமைப்பாளர், படுவான்கரை