பெட்டியை மாற்றுமுன் கணக்கைப் பாருங்கள்

நம் உழவர் குழுக்களில் இப்போது ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. அலுவலக மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரைச் சரிசெய்து வைத்துக்கொள்வதா, புதுசு வாங்குவதா? கடையில் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "அண்ணாச்சி, இதுல இனி ஒண்ணும் ஓடாது. புதுசு வாங்கிருங்க." குழுவின் பொது நிதியில் இருந்து முப்பது நாற்பதாயிரம் போகிற காரியம் இது. நெல்லும் வாழையும் விற்று, கிலோவுக்குக் கொஞ்சமாக எடுத்து வைத்த காசு. அதனால் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

முதலில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வோம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கு, பதிவு செய்துகொண்டால், 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருசம் நீட்டிப்பு என்று அறிவித்தது. அன்றோடு கம்ப்யூட்டர் நின்றுவிடவில்லை. புதுசாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் வேலைதான் நின்றது. விண்டோஸ் 11 போடலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட பிராசஸர் வேண்டும். 2017-க்கு முன்னால் வாங்கிய பெட்டிகள் அநேகமாக இதில் தேறாது. நன்றாக உழுகிற மாட்டை, வயசைக் காரணம் சொல்லி அடிமாட்டுக்கு அனுப்புகிற கதைதான். போகத்துக்குப் போகம் விதை வாங்கு என்பதைக் கேள்வி கேட்கிற நாம், இதையும் கேள்வி கேட்க வேண்டாமா?

என் கருத்து இதுதான். "பழசாகிவிட்டது" என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. மெதுவாக ஓடுவது ஒன்று, பாதுகாப்பு இல்லாமல் போவது ஒன்று, உயிரே போவது ஒன்று. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எது என்று பார்க்காமல் பணத்தை எடுக்கக் கூடாது.

மெதுவாக ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஹார்ட் டிஸ்க். உள்ளே தட்டு சுழன்று சுழன்று எழுதுகிற பழைய முறை அது. அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, ரேம் 4 ஜி.பி. இருந்தால் 8 ஆக்கினால், எழும்பப் பத்து நிமிசம் எடுத்த பெட்டி ஒரு நிமிசத்துக்குள் எழும்பும். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை. ரேமில் டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 என்று வகை உண்டு. ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. பழைய துண்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். செயற்கை நுண்ணறிவு மையங்கள் வாரிக்கொள்வதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. அன்றைய விலையைக் கேட்டுக்கொண்டு போங்கள். அதே காரணத்தால் புதுப் பெட்டியும் விலை ஏறும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் பெட்டியைத் திறந்து பாருங்கள். நெல் தூசி அடைத்த விசிறி, எலி கடித்த வயர், இவையே பாதிக் கோளாறு. தேதி தானாகப் பழைய வருசத்துக்குப் போகிறதா? பேங்க் இணையதளம் திறக்க மறுக்கிறதா? மதர்போர்டில் உள்ள சின்ன வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும். கைக்கடிகார பேட்டரி மாதிரி இருக்கும் அதை மாற்றப் பெரிய செலவு இல்லை.

பாதுகாப்பு விசயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வங்கியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றது 2014 ஏப்ரல் 8-ல். நாலு வருசம் கழித்தும் நாட்டில் பல ஏ.டி.எம்.கள் அதிலேயே ஓடின. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி கெடு வைத்தது: 2019 ஜூனுக்குள் எல்லா ஏ.டி.எம்.களும் ஆதரவு உள்ள மென்பொருளுக்கு மாறிவிட வேண்டும். மாற்றச் சொன்னது மென்பொருளை. ஆதரவு இல்லாத கணினியில் குழுவின் பணப் பரிமாற்றம் செய்யக் கூடாது. அதே சமயம், அதற்காக இரும்புப் பெட்டியையே மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை.

இங்கேதான் லினக்ஸ் வருகிறது. விலை கிடையாது. செங்கோட்டை தாண்டினால் கேரளத்து அரசுப் பள்ளிகளில் பல வருசமாகப் பிள்ளைகள் இதில்தான் கணினி படிக்கிறார்கள். நம் சென்னை சி-டாக் நிறுவனமே பாஸ் என்ற லினக்ஸை உருவாக்கியது. லினக்ஸ் மின்ட் போன்றவற்றைப் பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம். புது ரகத்தை முதலில் ரெண்டு மரக்கால் விதைப்பாட்டில் போட்டுப் பார்ப்பது போல. பிடித்தால் நிறுவுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ஆனால் எல்லோருக்கும் இது ஒத்துவராது. டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. கணக்கர் டேலியில்தான் வேலை செய்வார் என்றால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். டிஜிட்டல் கையெழுத்துச் சாவி, பிரிண்டர் இரண்டும் லினக்ஸில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடவில்லை என்றால், பழைய பெட்டியை இணையத்தில் இருந்து கழற்றி டேலிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வங்கி வேலையை வேறு பாதுகாப்பான கருவியில் செய்யலாம்.

எப்போது மாற்றத்தான் வேண்டும்? மதர்போர்டு போய்விட்டால். உதிரி கிடைக்காவிட்டால். பழுதுச் செலவு புதுசின் விலையில் பாதியைத் தாண்டினால். அப்போது தயங்க வேண்டாம். பழசின் மேல் பாசம் வைத்து மாதாமாதம் செலவு செய்வதும் வீண்தான். அப்போதும் கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்த, எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட பெட்டி வாரண்டியோடு கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். சான்றிதழ்ப் பதிவுக்கும் கணக்குக்கும் கடிதத்துக்கும் அது தாராளம்.

எந்த முடிவு எடுத்தாலும் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பெட்டிக்கு விலை உண்டு. உள்ளே இருக்கும் பதிவுக்கு விலை கிடையாது. அங்ககச் சான்றுக்கு ஓராண்டுப் பயிர் என்றால் 2 வருசம், பல்லாண்டுப் பயிர் என்றால் 3 வருசம் மாற்றக் காலம். அத்தனை வருச வயல் பதிவேடும் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருந்து, அது நின்றுபோனால் ஆய்வாளரிடம் எதைக் காட்டுவோம்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி நெல்லை சந்திப்பு முதல் ஸ்ரீவைகுண்டம் வரை புகுந்தது நமக்கு மறக்காது. கம்ப்யூட்டரைத் தரையில் வைக்காதீர்கள். ஒரு நகல் வெளி ஹார்ட் டிஸ்கில், இன்னொன்று வேறு ஊரில் உள்ள உறுப்பினர் வீட்டில் இருக்கட்டும். பழைய கோப்புகள் வானவில், பாமினி எழுத்துருக்களில் இருந்தால் அந்த எழுத்துருக்களையும் சேர்த்து நகல் எடுங்கள். இல்லையென்றால் புதுக் கணினியில் தமிழ் வெறும் கிறுக்கலாகத் தெரியும்.

கடைசியாக, கழித்த பெட்டி எங்கே போகிறது? 2022-ல் உலகத்தில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது கால்வாசிகூட இல்லை. பழைய மானிட்டர் கண்ணாடியிலும் சர்க்யூட் போர்டிலும் ஈயம் இருக்கிறது. செம்புக்காக வயரை எரித்தால் அந்தப் புகையும் சாம்பலும் நம் மண்ணில்தான் இறங்கும். யூரியா போடாத வயலுக்குப் பக்கத்தில் ஈயத்தைக் கொட்டலாமா? 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. பதிவு பெற்ற இடத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். கொடுக்குமுன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு மதிப்பீட்டுச் சீட்டு மட்டும் கொண்டுவராதீர்கள். பழுது பார்க்க எவ்வளவு என்று ஒன்று, புதுசுக்கு எவ்வளவு என்று ஒன்று, இரண்டையும் எழுத்தில் வாங்கி உறுப்பினர் முன்னால் வையுங்கள். பதிவுகளுக்கு நகல் எடுத்தாகிவிட்டதா என்று கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அதன் பிறகு எது முடிவானாலும் அது குழுவின் முடிவாக இருக்கும், கடைக்காரர் முடிவாக இருக்காது.