கவுன்ட் ஏறிட்டா குணமாயிடுச்சா?

"வெற்றிகரமான ஸ்டெம் செல் அறுவை சிகிச்சை. ரத்தப் புற்றுநோயாளி பூரண நலத்துடன் வீடு திரும்பினார்." இந்த மாதிரி செய்தியைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. ரெண்டே வாக்கியம், ரெண்டுமே தப்பு.

முதல்ல, அது அறுவை சிகிச்சையே இல்லைங்க. கொடையாளியோட ஸ்டெம் செல்லை ஒரு பையில தொங்கவிட்டு, ரத்தம் ஏத்துற மாதிரி ஏத்துவாங்க. யார்கிட்டயும் வழி கேக்காம அதுவே எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேர்ந்துடும். வேலூர் சி.எம்.சி.யில 1986-லயே ஆரம்பிச்ச சமாச்சாரம். நம்ம ஆளுங்களுக்கு இன்னும் 'ஆபரேஷன்'தான். போகட்டும், இதை மன்னிச்சுடலாம். ரெண்டாவதை முடியாது.

பூரண நலம்னு எதை வச்சுச் சொல்றாங்க? கவுன்ட் ஏறினதை வச்சு. செல் ஏத்துறதுக்கு முன்னாடி கடுமையான கீமோ (சிலருக்குக் கதிர்வீச்சும்) கொடுத்துப் பழைய மஜ்ஜையை ஒழிச்சுடுவாங்க. அப்புறம் புது செல் வேர் பிடிச்சு, நியூட்ரோபில் எண்ணிக்கை தொடர்ந்து மூணு நாள் 500-க்குக் குறையாம நின்னா 'கிராஃப்ட் பிடிச்சிடுச்சு'ன்னு அர்த்தம். வழக்கமா ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துல இது நடக்கும். நல்ல சேதிதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா கேசரி கிண்டற நேரம் அது இல்லை.

நியூட்ரோபில்ங்கிறது வாசல்ல நிக்கிற காவலாளி. வர்றவனை அடிக்கும், ஆனா எவன் வந்தான்னு ஞாபகம் வச்சுக்காது. ஞாபகம் வச்சுக்கிறது பி செல்லும் டி செல்லும்தான். பி செல் எண்ணிக்கை ஓரளவு திரும்பவே ஆறு மாசம், ஒரு வருஷம் ஆகும். டி செல் கதை இன்னும் இழுவை. அது பாடம் படிக்கிற பள்ளிக்கூடம் தைமஸ், நெஞ்செலும்புக்குப் பின்னாடி இருக்கிற சின்ன உறுப்பு. குழந்தைங்களுக்கு நல்லா வேலை செய்யும். வயசு ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பாயிடும். அதனாலதான் அஞ்சு வயசுப் பிள்ளை தேறுற வேகத்துல அம்பது வயசுக்காரர் தேற மாட்டார். அவருக்கு ரெண்டு வருஷம்கூட ஆகலாம், சிலருக்கு அதுக்கும் மேல. (மைலோமா மாதிரி நோய்க்குத் தன் சொந்த செல்லையே திரும்ப ஏத்திக்கிறவங்களுக்குக் கொஞ்சம் சீக்கிரம். நான் சொல்றது அடுத்தவர் செல் வாங்கினவங்களைப் பத்தி.)

இந்த இடைவெளியிலதான் எல்லா வினையும். சின்ன வயசுலேர்ந்து உடம்புக்குள்ள சத்தமில்லாம தூங்கிக்கிட்டிருந்த சி.எம்.வி. வைரஸ் முதல் மூணு மாசத்துல எழுந்து உக்காரும். அதுக்கப்புறம் அக்கி, நிமோனியான்னு வரிசை கட்டும். எங்க சொந்தக்காரர் ஒருத்தர் நாலாவது மாசம் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு வரலைன்னு, "டாக்டரே கவுன்ட் நார்மல்னு சொல்லிட்டாரே, அப்புறம் என்ன அலட்டல்?"னு பேசினாங்க. நானூறு பேர் கூடுற மண்டபம், பக்கத்துல கட்டட வேலை. அந்தத் தூசியில இருக்கிற ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை நமக்கு ஒண்ணும் செய்யாது. அவர் நுரையீரலுக்குள்ள போனா உயிர் பிழைக்கிறதே கஷ்டம். இது அலட்டலா?

அடுத்தது நம்ம வாட்ஸ்அப் வைத்தியர்கள். "இம்யூனிட்டி ஏத்துற கஷாயம் கொடுங்க." அண்ணாச்சிமார்களே, அந்த உடம்புல இருக்கிற இம்யூனிட்டியே அவரோடது இல்லை, கொடையாளியோடது! (ரத்த வகைகூடக் கொடையாளியோடதா மாறிடும்.) வந்த இடம் அந்நியம்னு நினைச்சுத் தோலையும் குடலையும் ஈரலையும் அதுவே தாக்கும். அதை அடக்கத்தான் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ்னு டாக்டர் பிரேக் போட்டு வச்சிருக்கார். ரொம்பவும் அழுத்தி மிதிக்க முடியாது. ஏன்னா, மிச்சம் மீதி ஒளிஞ்சிருக்கிற புற்றுநோய் செல்லைக் கொல்றதும் இதே கொடையாளி செல்தான். அப்படிப் பாத்துப் பாத்து மிதிக்கிற இடத்துல, நீங்க ஒரு டம்ளர் கஷாயத்தோட ஆக்சிலேட்டர்ல காலை வைக்கிறீங்க. கஷாயத்தை விடுங்க, சாதாரண பம்ப்ளிமாஸ் பழமே ரத்தத்துல அந்த மருந்தோட அளவை ஏத்தி விட்டுடும்.

பதிவுலக நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நிதி திரட்டும்போது நம்ம வேகம் பிரமாதம், ஒத்துக்கிறேன். ஆனா ஆஸ்பத்திரி பேக்கேஜ் தொகை சேர்ந்ததும் 'இலக்கை எட்டிவிட்டோம், நன்றி'ன்னு பதிவு போட்டு மூடிடறோம். அதுக்கப்புறம்தான் சி.எம்.வி. பரிசோதனை, வைரஸ் மாத்திரை, பூஞ்சை மாத்திரை, ஆஸ்பத்திரி பக்கத்துல வாடகை வீடு, கூட இருக்கிறவரோட போன சம்பளம். அப்புறம் தடுப்பூசி. குழந்தையில போட்ட ஊசியோட ஞாபகமெல்லாம் பெரும்பாலும் பழைய மஜ்ஜையோட போயிடும். அதனால மூணுலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள நிமோனியா ஊசியில தொடங்கி டெட்டனஸ், ஹெபடைடிஸ்-பின்னு முதல்லேர்ந்து போடணும். அம்மைக்கான உயிர்த் தடுப்பூசிக்கு ரெண்டு வருஷமாவது காத்திருக்கணும், அதுவும் அடக்கு மருந்தெல்லாம் நின்ன பிறகு. இதுக்கெல்லாம் யார் உண்டியல் குலுக்குறது? அடுத்த தடவை வேண்டுகோள் எழுதுறவங்க, ரெண்டாவது வருஷச் செலவையும் கேட்டு வாங்கி அந்தக் கணக்குலயே சேர்த்து எழுதுங்க. தொகை பெரிசா தெரியும், கொடுக்கிறவங்க தயங்குவாங்கன்னு சொல்லாதீங்க. பாதிக் கணக்கைக் காட்டி வாங்கினா, மீதியை அந்தக் குடும்பம் நகையை வித்துத்தான் கட்டும்.

அந்த வீட்டுல கைக்குழந்தை இருந்தா, போலியோ சொட்டு மருந்து கொடுக்கிறதுக்கு முன்னாடி நோயாளியோட டாக்டரைக் கேக்கணும். உயிருள்ள வைரஸ் குழந்தையோட மலத்துல வெளியே வரும். ஊசி போலியோ இருக்கு, அதுல அந்தப் பயம் இல்லை. இதை எத்தனை பேர் அவங்களுக்குச் சொல்லியிருப்பாங்க?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. எந்த மாத்திரையை நிறுத்தலாம்னு பின்னூட்டத்துல கேட்டா வெளியிட மாட்டேன். 'கீழாநெல்லி'னு ஆரம்பிக்கிற பின்னூட்டத்துக்கும் அதே கதிதான் :-)