இயந்திரத்தின் இருமலைக் கேட்கும் காது



செனாய் ஆலைகளுக்கு ஷிப்டு வேலைக்குப் போய்வரும் நம் பிள்ளைகள் 'லீன்' என்றொரு சொல்லைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சரக்கைக் குவித்து வைக்காமல், வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவே செய்யும் முறை அது. ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் வளர்த்தது.

வீண் செலவு குறையும், உண்மைதான். ஆனால் வீட்டில் அரிசி மூட்டை இருந்தால் கடை இரண்டு நாள் அடைத்தாலும் அடுப்பு எரியும். அன்றன்றைக்கு வாங்குகிற வீட்டில்? 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி ஜப்பானில் ஐசின் நிறுவனத்தின் ஆலையொன்று தீப்பிடித்தது. அங்கே செய்த பிரேக் வால்வு சிறு பொருள்தான். டொயோட்டாவிடம் சில மணி நேரத்துக்கே இருப்பு. கார் செய்யும் வரிசைகள் பல நாள் நின்றுபோயின!

தீ என்றோ ஒரு நாள் வருவது. அன்றாடம் கெடுபவை பேரிங்கும் மோட்டாரும். அவை பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் கெடுகின்றன. செம்பனை ஆலையில் பழைய பிட்டர் திருப்புளி முனையைப் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதோடு அணைத்துக் கேட்பாரே, பார்த்திருக்கிறீர்களா? அந்தக் காதின் வேலையை 'ஆழ்கற்றல்' என்னும் முறையால் இப்போது கணினிக்குப் பழக்குகிறார்கள்.

அதிர்வை அளக்கும் சிறு கருவியை இயந்திரத்தில் பொருத்துவார்கள். நொடிக்கு ஆயிரக்கணக்கான அளவுகள் போகும். நலமாக ஓடிய நாட்களின் அளவுகளைக் கணினி அடுக்கடுக்கான கணக்குகளில் போட்டுப் பழகும். பிறகு ஓட்டம் அதிலிருந்து விலகினால் எச்சரிக்கும். கெட்ட நாட்களைக் கொண்டு பழக்கலாமே என்பீர்கள். பாடம் நடத்தப் போதுமான கெட்ட நாட்கள் கிடைப்பதில்லை.

விலகியது தெரியும், ஏன் விலகியது என்பது தானாகத் தெரியாது. வேகத்தைக் கூட்டினாலும் கத்தும். பொய்க் கூச்சல் அதிகமானால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இங்கேதான் பக்கத்தில் நிற்கும் ஆள் தேவை. "பத்து மணிக்குப் பெல்ட் கருகும் வாடை" என்று அவர் எழுதி வைத்த வரி கணினிக்குப் பாடம். குறிப்பேட்டில் பார்க்காமலே 'சரி' என்று கோடு போடும் வழக்கம் அந்தப் பாடத்தைக் கெடுக்கும்.

வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானதே. 1924-இல் சகிச்சி டொயோடா முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றது. அதனால் ஒருவரே பல தறிகளைப் பார்க்க முடிந்தது. ஆட்குறைப்பு வராது என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் பிள்ளை வேலை செய்யும் ஆலையில் இந்தக் கருவி வந்தால், பராமரிப்புப் பகுதியில் யாருக்குப் பயிற்சி தருகிறார்கள் என்று முதல் வாரத்திலேயே விசாரிக்கச் சொல்லுங்கள்.