ஆம்பிளிஃபயர் ஊமையானால்...

நம் சங்கக் குடும்பங்களில் வீணை, வயலின் கற்கும் பிள்ளைகளோடு கிதார் வாசிக்கும் பிள்ளைகளும் இப்போது உண்டு. மகிழ்ச்சியே. ஆனால் ஆம்பிளிஃபயர் திடீரென ஊமையானால் நாம் செய்வது இரண்டே காரியம். தலையில் ஒரு தட்டு. அதற்கும் மசியாவிட்டால் புதிது வாங்கப் பணம். இரண்டும் தேவையில்லை என்பது என் கட்சி.

ரயில்வேயில் பழுது தேட ஒரு முறை உண்டு. நன்றாக இருப்பதை ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே போனால் கெட்டது தானே மிஞ்சும். கிதாருக்கும் அதே விதிதான்.

முதலில் பைலட் விளக்கைப் பாருங்கள். எரியவில்லையானால் அதே பிளக் பாயிண்டில் ஒரு மேஜை விளக்கைச் செருகிப் பாருங்கள். அது எரிந்தால், ஆம்பிளிஃபயரின் பிளக்கை உருவி வைத்துவிட்டு ஃபியூஸைச் சோதிக்கலாம். போயிருந்தால் அதே ஆம்பியர், அதே வகை ஃபியூஸாக ஒரே ஒரு முறை மாற்றலாம். மறுபடியும் போனால் உள்ளே ஷார்ட் என்று பொருள்; அத்துடன் நிறுத்திவிட வேண்டும். ஃபியூஸுக்குப் பதில் கம்பி சுற்றுவது காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

விளக்கு எரிந்தும் ஓசை இல்லையா? பெரும்பாலும் குற்றவாளி கிதார் வயர்தான். மிதிபட்டு மிதிபட்டு முனையருகே உள்ளுக்குள் அறுந்திருக்கும். நடுவிலுள்ள பெடல்களை விலக்கிவிட்டு, வேறு வயரால் நேரே இணைத்துப் பாருங்கள். கிதாரின் வால்யூம் குமிழையும் பாருங்கள். 9 வோல்ட் பாட்டரி உள்ள கிதாரானால், வயரைச் செருகியபடியே வைத்திருந்தால் பாட்டரி வாசிக்காமலே தீர்ந்துபோகும்.

இதற்கு மேல் மூடியைத் திறக்க வேண்டாம், மெக்கானிக்கிடம் கொடுங்கள். வால்வு ஆம்பிளிஃபயரில் பிளக்கை உருவிய பின்பும் கண்டென்சரில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கக்கூடும்.

இதெல்லாம் செலவுக் கணக்கு. என் மனத்தை உறுத்துவது உயிர்க் கணக்கு. விழா மேடைகளில் இரைச்சலைப் போக்குவதாகச் சொல்லி எர்த் பின்னைக் கழற்றிவிடுகிறார்கள். கிதாரின் கம்பிகள் வயர் வழியாக ஆம்பிளிஃபயரின் எர்த்தோடு இணைந்தவை. எர்த் இல்லாதபோது உள்ளே மின்கசிவு ஏற்பட்டால் 230 வோல்ட் பிள்ளையின் விரலுக்கே வரும். உதடோ மறு கையோ மைக்கைத் தொட்டால் உடல் வழியே பாயும். 1972இல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸி நகரில் லெஸ்லி ஹார்வி என்ற கிதார் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மாண்டார். வயது 27.

"இத்தனை வருஷமாக இரண்டு பின்னில்தானே ஓடுகிறது, என்ன ஆகிவிட்டது?" என்பார்கள். ரயிலில் அபாயச் சங்கிலியைக்கூட தினமும் யாரும் இழுப்பதில்லை. அதற்காக அறுத்தா போடுகிறோம்?

இரைச்சல் இருந்தால், சரியான எர்த் உள்ள ஒரே போர்டிலிருந்து எல்லாக் கருவிகளுக்கும் இணைப்புக் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் இரைச்சலோடு வாசிக்கட்டும், பாதகமில்லை. அடுத்த விழாவுக்குப் பந்தலும் சாப்பாடும் ஏற்பாடு செய்யும் அன்பர்கள், ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மேடையின் எர்த்தையும் சோதித்துவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.