பதினாறு வகை மனிதர் என்னும் புனைவு

மனிதர்கள் பிறவியிலேயே வெவ்வேறு வகையினர் என்பதும், ஒருவர் எந்த வகையினர் என்பதைச் சில பத்து வினாக்களைக் கேட்டே கண்டறிந்துவிடலாம் என்பதும் நிறுவனங்களின் மனிதவளத் துறைகளிலும் ஆளுமைப் பயிற்சிப் பட்டறைகளிலும் கேள்விமுறையின்றி ஏற்கப்பட்டுவிட்ட நம்பிக்கைகள். ‘அவர் இன்ட்ரோவர்ட், இவர் எக்ஸ்ட்ரோவர்ட்’ என்று சொல்லிவிட்டால் ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் பாதி முடிந்துவிட்டதாகவே பலரும் கருதுகின்றனர். இதற்கு உளவியலின் முத்திரை உண்டு என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. ஆளுமை உளவியல் பல பத்தாண்டுகளாகத் திரட்டி வைத்திருக்கும் சான்றுகளோ இந்த நம்பிக்கைக்கு நேர் எதிராகவே நிற்கின்றன.

இத்தகைய தேர்வுகளில் மிகவும் பெயர்பெற்றது மையர்ஸ்-பிரிக்ஸ் வகைகாட்டி. உளமருத்துவர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட ‘உளவியல் வகைகள்’ என்னும் நூலால் ஈர்க்கப்பட்ட அமெரிக்கரான கேத்தரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும், உளவியலில் முறையான பயிற்சி பெறாதவர்களாயினும், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இத்தேர்வை உருவாக்கத் தொடங்கினர். இதன் கையேடு 1962இல் வெளிவந்தது. பயிற்சியின்மையைக் குற்றமாகச் சொல்ல வேண்டியதில்லை. துறைக்கு வெளியிலிருந்து வந்த நல்ல கருத்துகள் எத்தனையோ உண்டு. யுங் தம் மருத்துவ அனுபவத்தையும் படிப்பையும் கொண்டு முன்வைத்த ஓர் ஊகத்தை முடிந்த முடிபாக எடுத்துக்கொண்டு, அதற்கு இசைவாகவே வினாக்களை அமைத்ததுதான் குற்றம். நான்கு இருமைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கங்கள், ஆகமொத்தம் 16 வகைகள் என்ற கணக்கு, மக்களை அளந்து பார்ப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது.

அளந்து பார்த்தபோது தெரியவந்தது வேறு. மனிதரிடையே உள்ள வேறுபாடுகள் எல்லாம் வகைகளாக அமைவதில்லை. ரத்தப் பிரிவு உண்மையாகவே வகை சார்ந்தது. உயரம் அப்படியன்று, அது தொடர்ச்சியான அளவு. மனிதர்கள் அகமுகத்தார் (இன்ட்ரோவர்ட்), புறமுகத்தார் (எக்ஸ்ட்ரோவர்ட்) என இரு வகையினராக இருந்தால், ஆயிரம் பேரின் மதிப்பெண்களை வரைபடமாக்கும்போது இரண்டு மேடுகள் எழ வேண்டும். எழுவது ஒரே மேடுதான், அதுவும் நடுவில். பெரும்பாலோர் இரண்டுங்கலந்த நடுப்பகுதியில் இருக்க, ஓரங்களில் சிலரே எஞ்சுகின்றனர். வகைத் தேர்வு கோடு கிழிப்பது, மக்கள் மிகுதியாகக் குழுமியிருக்கும் அந்த நடுவிடத்தில்தான். 21 வினாக்களில் 11க்குப் புறமுகமாக விடையளித்தவர் ஒரு வகை, 10க்கு அளித்தவர் எதிர்வகை. அந்தப் பத்துக்காரரோ ஒரு வினாவுக்குக்கூட அவ்வாறு விடையளிக்காதவரோடு ஒரே வகையில் வைக்கப்படுகிறார். ஐந்து வாரம் கழித்து அதே தேர்வை மீண்டும் எழுதியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வரை வேறு வகைக்கு மாறிவிடுவதாக ஆய்வுகள் காட்டியதன் காரணம் இதுவே. அவர்களின் இயல்பு ஐந்து வாரத்தில் மாறிவிடவில்லை. கோட்டருகில் நின்றவர்கள் ஓரடி நகர்ந்தார்கள், அவ்வளவே.

ஆளுமையின் அடிப்படைப் பண்புக்கூறுகளை, அதாவது ஒருவரிடம் காலம் கடந்தும் சூழல் கடந்தும் ஓரளவு நிலைத்திருக்கும் போக்குகளை, உளவியலாளர் தேடிய வழி இதற்கு மாறானது. மனிதர்களுக்குள் முக்கியமான வேறுபாடு எதுவாயினும் அதைக் குறிக்க மக்கள் மொழியில் ஒரு சொல் பிறந்தே தீரும் என்ற கருதுகோளிலிருந்து அவர்கள் தொடங்கினர். 1936இல் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பர்ட்டும் ஆங்கில அகராதி ஒன்றை அலசி, மனித நடத்தையை வேறுபடுத்திக் காட்டும் 17,953 சொற்களைத் திரட்டி, அவற்றுள் நிலையான இயல்பைச் சுட்டுபவை ஏறத்தாழ 4,500 என வகுத்தனர். ரேமண்ட் கேட்டல் அப்பட்டியலைச் சில பத்து மாறிகளாகச் சுருக்கினார். அதன்பின் காரணிப் பகுப்பாய்வு என்னும் கணித முறை பயன்பட்டது: பலரும் தம்மையோ தமக்குத் தெரிந்தவரையோ ஒவ்வொரு சொல்லுக்கும் மதிப்பிட்ட பிறகு, எந்தச் சொற்களின் மதிப்பெண்கள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று பார்ப்பது. ‘கலகலப்பானவர்’ என்பதில் உயர்ந்த மதிப்பெண் பெறுபவர் ‘பேச்சுப்பிரியர்’, ‘துணிந்து முன்வருபவர்’ என்பவற்றிலும் பெரும்பாலும் உயர்ந்தே நிற்பார். ‘நேரந்தவறாதவர்’ என்பது அவற்றைத் தொடராமல், ‘ஒழுங்கானவர்’, ‘பொறுப்பானவர்’ என்பவற்றோடு சேர்ந்துகொள்ளும். இப்படித் திரளும் கொத்துகளே காரணிகள். 1961இல் அமெரிக்க விமானப் படைக்காக ஆய்வு செய்த டூப்ஸும் கிறிஸ்டலும், வெவ்வேறு குழுக்களின் தரவுகளிலும் ஐந்து கொத்துகளே திரும்பத் திரும்ப எழுவதைக் கண்டனர். புறமுகத்தன்மை, இணக்கம், பொறுப்புணர்வு, மனக்கலக்கம், புதியவற்றுக்கு இடந்தரும் திறந்த மனம் என்று அவை இன்று அறியப்படுகின்றன. ஐந்தும் அளவுகோல்கள், ஒவ்வொருவருக்கும் ஐந்திலும் ஓர் இடம் உண்டு, எவரும் எதற்கும் வெளியே இல்லை.

1989இல் மெக்ரேயும் கோஸ்டாவும் வகைகாட்டியை இந்த ஐந்தோடு ஒப்பிட்டபோது, அதன் நான்கு அளவுகளும் ஐந்தில் நான்கோடு பொருந்தின. தனித்தனி வகைகள் உண்டு என்பதற்கு மட்டும் சான்று கிடைக்கவில்லை. ஐந்தில் வகைகாட்டி விட்டுவிட்டது மனக்கலக்கம், அதாவது கவலையும் சினமும் எளிதில் மேலிடும் போக்கு. பதினாறு வகைகளின் விளக்கங்களும் படிப்பவரைப் புகழ்வனவாகவே அமைந்திருப்பதை நோக்க, இந்த விடுபாடு வியாபாரத்துக்கு மிகவும் தோதானது.

‘எனக்கு அப்படியே பொருந்துகிறதே’ என்பது நம்புவோர் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். 1948இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, அவரவர்க்கெனத் தனியே எழுதியதாகச் சொல்லி ஆளுமைக் குறிப்பு ஒன்றைக் கொடுத்தார். பொருத்தத்துக்கு அவர்கள் வழங்கிய சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. அனைவருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே குறிப்பு. அதன் வாசகங்களில் பெரும்பாலானவை சோதிடப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. வாரப் பத்திரிகைகளுக்கு ராசிபலன் எழுதுவோர் இந்த முடிவைக் கண்டு வியந்திருக்க மாட்டார்கள்.

வகைப் பெயர் காரணமாகக் காட்டப்படும்போது தீங்கு கூடுகிறது. கூட்டத்தில் ஒருவர் ஏன் பேசவில்லை என்றால் அவர் இன்ட்ரோவர்ட் என்பது விடை. இன்ட்ரோவர்ட் என்று எப்படித் தெரியும் என்றால் கூட்டத்தில் பேசுவதில்லை என்பது விடை. மேலதிகாரியின் அதட்டலோ பழகாத மொழியோ அவர் வாயைக் கட்டியிருக்கலாம் என்பது விசாரிக்கப்படாமலே போகிறது. ஆளெடுப்பில் வகைகாட்டியைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்லும்போதும், ஆட்களுக்கு இப்படி முத்திரை குத்துவது நிற்கவில்லை.

ஐம்பண்புக் கோட்பாடும் கேள்விக்கு அப்பாற்பட்டதன்று. பொலிவியாவின் சிமானே பழங்குடியினரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளிவந்த ஆய்வில் அந்த ஐந்து கொத்துகள் திரளவில்லை. நேர்மையும் பணிவும் சேர்ந்த ஆறாவது பண்பு வேண்டும் என்று ஆஷ்டனும் லீயும் வாதிடுகின்றனர். தரவு மாறினால் பட்டியலும் மாறலாம் என்பதை ஏற்றுக்கொண்டே ஆளுமை உளவியல் இயங்குகிறது. வகைகாட்டியின் பதினாறோ 1962இன் கையேட்டில் இருந்தபடியே இன்றும் இருக்கிறது.