கிழட்டுக் காருக்கு விதி! தொழிலாளிக்கு வீதியா?

“புதுப்பித்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், விற்பனைக்கு!” துருவைச் சுரண்டி, வர்ணம் பூசி, லட்சங்களைக் கொட்டி விற்கிறார்கள். வாங்கும் சீமான்கள் மாமல்லபுரம் சாலையில் பவனி வரலாம்!

இந்த வண்டி நமக்கு அந்நியமல்ல. ஹெரால்டு காரின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் பிரிட்டனில் ஸ்பிட்ஃபயரைக் கட்டினார்கள். அதே ஹெரால்டை 1961 முதல் வண்டலூர் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் செய்தவை நம் செங்கற்பட்டுச் சீமையின் கைகள். 1980களின் இறுதியில் ஆலை மூடப்பட்டது. கார் புதுப்பிக்கப்படுகிறது. அந்தக் கைகளைக் கேட்பார் யார்?

2021 ஜூலையில் மத்திய சர்க்கார் 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவு, தனி எண் என்று விதி செய்தது. அதே செப்டம்பரில், மறைமலைநகரில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு முதலாளிகள் அறிவித்தார்கள். காருக்கு விதி, தொழிலாளிக்கு வீதி!

ஆயுள் முழுதும் ஆலையில் உழைத்தவனுக்கு 2014இல் நிர்ணயித்த குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். வயலில் தேய்ந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த பி.எஃப். ஓய்வூதியமும் இல்லை.

பழைய வண்டியைப் பேணுவதை நாம் பழிக்கவில்லை. அதைச் செப்பனிடுபவனும் தொழிலாளியே. இரும்புக்குக் காட்டும் பரிவை மனிதனுக்கும் காட்டு என்கிறோம். மூடிய ஆலைக்கு மாற்று வேலை! முதுமைக்குக் கௌரவமான ஓய்வூதியம்! ஆலையும் வயலும் சேர்ந்து கேட்போம், தோழர்களே!